தடுப்புச் சுவரைத் தாண்டிய பெட்டி

எங்கள் ஊர் திருவிடந்தைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கில் இருக்கிறது. காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டம் சாலைக்குக் கிழக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி. நான் ஊராட்சித் தலைவியான மறு வருடம் சாலையை அகலமாக்கி, நடுவில் இடுப்பளவுக்குத் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். வண்டி திரும்புவதற்கான இடைவெளி வெகு தூரம் தள்ளித்தான்.

நாவலூரில் காவலாளியாக இருந்த காலனிக்காரர் ஒருவர் சுவர் எழுந்த அன்றே என் வீட்டுக்கு வந்தார்.

"சாவு வுழுந்தா எப்டிம்மா தூக்கினு போறது?"

நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றேன். ஓட்டுக் கேட்டபோது எல்லாத் தெருவிலும் சொன்ன வார்த்தை. நாக்கு அதற்குப் பழகியிருந்தது.

சாலை எங்கள் ஊர் வழியாகப் போகிறதே தவிர, அதில் ஒரு கல்லை நகர்த்தக்கூட ஊராட்சிக்கு அதிகாரமில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்றிய அலுவலகத்தில் இது தங்கள் வேலையில்லை, மாவட்டத்தில் கேளுங்கள் என்றார்கள். மனு வாங்கும் திங்கட்கிழமை செங்கல்பட்டுக்குப் போனோம். காவலாளி அண்ணன் இரவு வேலை முடித்து, சீருடையோடு நேராக வந்து சேர்ந்துகொண்டார். மனுவை மரியாதையாகத்தான் வாங்கினார்கள். சாலைப் பொறியாளருக்கு அனுப்பிவைத்தார்கள். பொறியாளர் ஊராட்சித் தீர்மானம் கேட்டார். கொண்டுபோனதும், உங்கள் தீர்மானம் எங்களைக் கட்டுப்படுத்தாது, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி முடிவு செய்யவேண்டும் என்றார். அவர் எதிரே நான் தலையாட்டிக்கொண்டு நின்றதைக் காவலாளி அண்ணன் பக்கத்திலிருந்து பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "முன்னாடி காஞ்சிபுரம் போய்க்கினு இருந்தோம். மாவட்டத்தப் பிரிச்சி செங்கல்பட்டு ஆக்குனதும் கவுருமெண்டு கிட்ட வந்துச்சின்னு நெனச்சேம்மா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் அவரே போய்விட்டார். மாரடைப்பு. ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தவர்கள் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். சுற்றிப்போக அந்த வெயிலில் முடியாது. சிலர் ஏறி மறுபக்கம் குதித்தார்கள். பெட்டியை உயர்த்திச் சுவர்மேல் வைத்துத் தள்ளினார்கள். அது ஒருபக்கம் சாய்ந்தபோது அவர் மனைவி ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் நடுரோட்டில் நின்று, கை நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தேன். மாமல்லபுரம் போகிற கார் ஒன்றின் கண்ணாடி இறங்கியது. யாரம்மா நீங்கள், போலீஸா என்று கேட்டார் ஓட்டியவர். இந்த ஊருக்குத் தலைவி என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அடக்கம் முடிந்து அவர் மனைவியின் கையைப் பிடித்தேன். அவர்தான் என்னைத் தேற்றினார். "நீ இன்னாம்மா பண்ணுவ? ரோடு உன்துல்லயே." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் ஆட்கள் வந்து, கல்லறைத் தோட்டத்துக்கு நேரே சுவரை உடைத்து வழி விட்டார்கள். விசாரித்தேன். பக்கத்தில் புதிதாக வரும் ஓட்டலின் வாசலுக்காகக் கமிட்டியில் அனுமதி ஆகியிருந்தது. எங்கள் மனு அங்கே பேசப்பட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை.

காலனி இளைஞர்கள் சால்வையோடு வந்தார்கள். நான் செய்ததில்லை என்றேன். தன்னடக்கம் என்று சிரித்தார்கள். எவ்வளவு மறுத்தும் தோளில் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அதை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மறுநாள் காவலாளி அண்ணனின் மனைவியைப் பார்க்கப் போனேன். ஓட்டலுக்குத்தான் வழி விட்டார்கள், நமக்கில்லை என்றேன்.

"தெரியும். அந்தப் பெரிய கேட்டு வெக்கறத நானுந்தான பாத்தேன்," என்றார். "குந்து. டீ சாப்டு."

உட்கார்ந்தேன். டீ ஆறும்வரை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.