சுவருக்கும் என் காலுக்கும் நடுவுல

உங்கம்மாவுக்குக் கால்ல ராடு வச்சிருக்காங்க, அமெரிக்கா வரைக்கும் சௌகரியமா எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கேக்க வந்திருக்க, சொல்றேன் தம்பி, ஆனா முழுசா கேட்டுட்டுத்தான் எழுந்திருக்கணும், பாதியில சிரிச்சா எனக்குக் கோபம் வரும். பேய் பில்லி சூனியம் எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெங்களூர் பீன்யாவுல கார்மெண்ட்ஸ் கம்பெனியில இருபத்திரண்டு வருஷம் லைன் சூப்பர்வைசரா இருந்தவ நான். கட்டிங் செக்‌ஷன்ல யாரோ நடக்கற சத்தம் கேக்குதுன்னு பொண்ணுங்க அழுதப்போ, அங்கேயே போய் உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக் காட்டினேன். அப்படிப்பட்டவதான் இதைச் சொல்றேன்.

பெங்களூர் ஏர்போர்ட் தேவனஹள்ளிக்குப் போறதுக்கு மூணு நாலு வருஷம் முன்னாடி நடந்தது. என் பொண்ணு கலைவாணிக்குச் சிகாகோவுல தலைப்பிரசவம். மாமியார்க்காரி போறதா இருந்து, விசாவும் வாங்கி வச்சுட்டு, கடைசி நேரத்துல முட்டி வலி, குளிர் ஆகாதுன்னு ஒதுங்கிட்டாங்க. எனக்கோ கால் உடைஞ்சு அஞ்சு வாரம். அல்சூர் மார்க்கெட் பக்கம் எவனோ சாக்கடைக் கல்லைத் தூக்கிட்டு மூடாம போயிட்டான், நான் கொத்தமல்லிக் கட்டோட உள்ளே போயிட்டேன். வலது கால், முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு. நான் போகலன்னா அவளுக்கு அங்க யாரும் இல்ல, அவங்கப்பா செத்து அப்போ ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அதனால கட்டோட கிளம்பினேன்.

டாக்டர் நல்ல மனுஷன். மேலே போனா கால் வீங்கும்னு கட்டை நீளவாக்குல பிளந்து, மேல துணி சுத்தி விட்டாரு. முன்னாடி சீட்டே இல்லாம சுவர் இருக்கற வரிசையில இடம் கேளுங்க, பையை வச்சுக் காலை நீட்டிக்கோங்க, நிறைய தண்ணி குடிங்க, எல்லாத்துக்கும் மேல தூங்கிடாதீங்கன்னாரு. மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணுமாம், இல்லன்னா கால்ல ரத்தம் உறைஞ்சு நெஞ்சுக்கு ஏறினா அவ்வளவுதானாம். இதை நீயும் எழுதி வச்சுக்கோ.

ஏர்போர்ட்ல போய் வீல்சேர் கேட்டா ஒண்ணும் இல்லங்கறான். எல்லாத்துலயும் சாஃப்ட்வேர் பசங்களோட அப்பா அம்மாங்க உக்காந்திருக்காங்க. ஒருத்தருக்கும் கால்ல ஒரு சிராய்ப்பு கூட இல்ல. வீல்சேர்ல போனா தள்ளறவனே பேப்பரெல்லாம் காட்டிடுவான், கேள்விக்கும் அவனே பதில் சொல்லிடுவான், இங்கிலீஷ் பேச வேண்டாம், அதுக்குத்தான் பிள்ளைங்க டிக்கெட்டோடயே எழுதிடுதுங்க. பயந்த ஜனங்கதான், புரியுது. ஆனா நிஜமாவே கால் உடைஞ்ச நான் கக்கத்துல ரெண்டு கட்டையை வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் தத்தித் தத்திப் போனேன் பாரு, எனக்கு வயிறு எரிஞ்சது.

ஜெர்மனி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. அங்க இறங்கி வேற ஃப்ளைட் மாறணும். கவுண்டர்ல கட்டையால தரையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டு அந்தச் சுவர் சீட்டை வாங்கினேன். போய் உக்காந்தா, பக்கத்துச் சீட்ல ஒரு மைசூர்காரர். பெங்களூர்ல வீல்சேர்ல ஜம்முன்னு வந்தாங்களே, அதுல ஒருத்தர். வீல்சேர் ஆசாமின்னு அவருக்குக் கேக்காமலே அந்த இடத்தைக் கொடுத்திருக்காங்க. உக்காந்ததும் எழுந்து பாத்ரூமுக்கு ஓடறாரு தம்பி, ஓடறாரு.

ஆனாலும் மனுஷர் மரியாதையாத்தான் பேசினாரு. சாப்பாடு முடிஞ்சதும் ஒரு அட்டையில இருந்து ரெண்டு மாத்திரை எடுத்தாரு, ஒண்ணை அவர் போட்டுக்கிட்டு ஒண்ணை என்கிட்ட நீட்டினாரு. "தகொள்ளிம்மா, இதைப் போட்டா சிகாகோ வரைக்கும் நிம்மதி"ன்னாரு. டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாம இல்ல. சண்டை போட்டுப் போட்டு உடம்பு அசந்து போச்சு, கட்டுக்குள்ள கால் விண்விண்ணுனு தெறிக்குது, கொஞ்ச நேரம்தானேன்னு போட்டுக்கிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

வெளியே பட்டப்பகல். அந்தப் பக்கம் போற ஃப்ளைட்ல ராத்திரியே வராது, இவங்களே ஜன்னலை மூடி இருட்டாக்கிடுவாங்க. பை மேல கம்பளியை மடிச்சு வச்சு வலது காலைத் தூக்கி வச்சேன், விரல் மட்டும் கட்டுக்கு வெளியே தெரியுது, கண் சொருகுது.

யாரோ என் கட்டைவிரலைப் பிடிச்சு இழுத்தாங்க.

தெரியாம இடிச்சது இல்ல. ரெண்டு விரலால பிடிச்சு, முன்னால இழுத்து, ஒரு திருகு திருகி விட்டாங்க. திடுக்குனு முழிச்சேன். எதிர்ல சுவர், என் கால், நடுவுல ஒரு முழம் காலி இடம். மைசூர்காரர் கழுத்து வரைக்கும் போத்திக்கிட்டு வாயைத் திறந்து குறட்டை விடறாரு. எந்தக் குழந்தையோ இழுத்துட்டு ஓடிடுச்சுன்னு நினைச்சேன். கோபத்துல கட்டையை எடுத்துக்கிட்டுப் பின்னாடி வரைக்கும் தத்திப் போய் அங்க இருந்த ஏர்ஹோஸ்டஸ், ஜெர்மன் பொண்ணு, அவகிட்ட கத்தினேன். அவ சிரிச்சுட்டு ஒரு கிளாஸ் தண்ணி கொடுத்து அனுப்பினா. சிரிச்சதுக்கும் சேர்த்துக் கோபம்.

வந்து உக்காந்து கண்ணை மூடினா, கொஞ்ச நேரத்துல மறுபடியும். இழுத்து, திருகி, விட்டாங்க. மறுபடியும் எழுந்தேன், பின்னாடி போய்க் கத்தினேன், அவ தண்ணி கொடுத்தா. மூணாவது தடவை நான் மைசூர்காரர் தோளைப் பிடிச்சு உலுக்கிட்டேன். "யாக்ரீ, வயசான பொம்பளை காலை எளீதீரா?"ன்னு, ஏன் காலை இழுக்கறீங்கன்னு கன்னடத்துலயே கேட்டேன். பாவம், மாத்திரை மயக்கத்துல ஒண்ணும் புரியல அவருக்கு. "நானு மலகித்தேனம்மா, தூங்கறவன் மேல ஏன்மா பழி போடறீங்க"ன்னு முனகிட்டு, கம்பளியைச் சுருட்டிக்கிட்டுப் பின்னாடி காலி சீட்டுக்குப் போயிட்டாரு. சனி விட்டதுன்னு உக்காந்தேன்.

நம்பினா நம்பு, நம்பாட்டி போ, அந்தச் சீட் காலியா இருந்தப்பவும் இழுத்தாங்க.

விரலுக்கு மேல கம்பளியைப் போட்டு, ஓரத்தைப் பைக்கு அடியில சொருகி வச்சேன். கம்பளி ஒரு மடிப்பு கலையல, உள்ளே விரலை மட்டும் இழுத்தாங்க. சுவருக்கும் காலுக்கும் நடுவுல கட்டையை விட்டு வீசிப் பார்த்தேன், கட்டை சுவர்லதான் பட்டது. பயம் வந்திருக்கணும் இல்ல? எனக்கு வரல தம்பி, ஆத்திரம்தான் வந்தது. தமிழ், கன்னடம், எங்க லைன்ல கத்துக்கிட்ட உருது, எல்லாத்துலயும் திட்டினேன். பொறந்த குலத்துல இருந்து போற சுடுகாடு வரைக்கும் ஒண்ணு விடல. கண்ணை மூடினா இழுக்கறது, எழுந்து திட்டிட்டுப் போய்த் தண்ணி குடிக்கறது, இப்படியே சிகாகோ வந்துடுச்சு. இறங்கும்போது அந்தப் பொண்ணு சொல்றா, நீங்க ஒன்பது தடவை வந்தீங்கன்னு. போட்டதோ தூக்க மாத்திரை.

கலைவாணி வயித்தைத் தள்ளிக்கிட்டு வாசல்லயே நின்னுட்டிருந்தா. என்னை ஒரு நாற்காலியில உக்கார வச்சு, கீழே குனிய முடியாம குனிஞ்சு, இடது கால் ஷூவையும் சாக்ஸையும் கழட்டினா. கழட்டினவ விரலைத் தொட்டுக் காட்டினா. இடது கட்டைவிரலைச் சுத்தி ஒரு தடம், விரல் அகலத்துக்கு, செக்கச் செவேல்னு. சாக்ஸ் ரப்பரா இருக்கும்னேன். வலது விரல்லயும் அதே அளவு தடம். ரெண்டு பாதத்தையும் சேர்த்து வச்சா, இந்த விரல்ல ஆரம்பிச்ச கோடு அந்த விரல்ல போய் முடியுது.

நம்ம வீட்ல ஒரு உசுரு போனா முதல் வேலையா எதைக் கட்டுவாங்க, உனக்குத் தெரியும். அவங்கப்பா காலுக்கு நான்தான் காடாத்துணி கிழிச்சுக் கொடுத்தேன், கலைவாணி பக்கத்துல நின்னு பார்த்தா. துணியிலேயே வாழ்ந்தவ நான், எந்த நெசவு தோல்ல எப்படிப் பதியும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அது காடாத்துணித் தடம். என் கால்ல ஷூவும் சாக்ஸும் இருக்க, மாவுக்கட்டு இருக்க, எவனோ என்னைக் கட்டிட்டான்.

மறுநாள் இடது கெண்டைக்கால் வலிக்குதுன்னு மருமகன் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. ஸ்கேன் பண்ணிட்டு, நல்ல கால்லயே சின்னதா ரத்தம் உறைஞ்சிருக்குன்னாங்க. ஒன்பது தடவை நடந்தேன்னதும், அதான் பிழைச்சீங்க, அப்படியே தூங்கி இருந்தா எழுந்திருக்கறது கஷ்டம்னாங்க. கலைவாணி ராவும் பகலும் அதையே சொன்னா, அப்பாதான்மா எழுப்பி இருக்காருன்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அந்த மனுஷன் உயிரோட இருந்தப்போ ஒரு நாளாவது எனக்கு முன்னாடி எழுந்தாரா, நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம ஷிஃப்டுக்குப் போய் அங்கேயே விழுந்தவரு, செத்த பிறகு என்னை எழுப்ப வர்றாராமா. அவர் இல்ல. யாருன்னும் எனக்குத் தெரியல.

ஆனா ஒண்ணு. இழுத்து, திருகி, விடறது. முடிச்சு அவிழ்க்கறவங்க அப்படித்தான் செய்வாங்கன்னு எனக்கு உறைச்சது பேரன் பொறந்து குளிப்பாட்டி, அவன் அரைஞாண் முடிச்சை அவிழ்க்கும்போதுதான். வழியெல்லாம் யாரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வந்தேன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது, கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

உங்கம்மாவைத் தூங்க விடாத, அவ்வளவுதான். இன்னொண்ணு, வந்ததுக்கு இதையும் பார்த்துட்டுப் போ. வலது கால்ல தடம் ஒரு வாரத்துல மறைஞ்சது. இது இடது கால். பேரன் ஸ்கூலுக்கே போறான், இன்னும் இருக்கு பாரு. அந்த முடிச்சை அவிழ்க்கறதுக்குள்ள ஃப்ளைட் இறங்கிடுச்சு.