எங்கள் தெருவில் சொல்லாத சொல்

நாங்கள் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் எல்லாம் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்ற செய்தி பரவியதும், தென்காசியில் எங்கள் தெருவே பார்சலோடு வந்துவிட்டது. எதிர்வீட்டு மாமி ஒரு டப்பா நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். கடைசி வீட்டு அண்ணாச்சி முறுக்கு கொடுத்தனுப்பினார். இன்னொருத்தி பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிய கருவாட்டுப் பொடியோடு வந்து நின்றாள்.

"இது யாருக்கு மாமி?" என்று எதிர்வீட்டு மாமியிடம் கேட்டேன்.

"உன் மாப்பிள்ள கொண்டு போவட்டும். அங்கன நம்ம பயலுவ யாராச்சும் இருந்தா குடுக்கட்டும்."

"டெல்லியில நமக்கு யாரு இருக்கா? நாங்க தாஜ்மகால் பாக்கப் போறோம் மாமி."

"அட, ஆமால்லா!" என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஆனால் டப்பாவைத் திருப்பி எடுத்துப் போகவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷத்துக்கு மேலாக என் வீட்டுக்காரர் பெட்டி கட்டினால் அது சவூதிக்குத்தான். அவரும் லேசுப்பட்டவரில்லை. மகள் வாங்கி அனுப்பிய புது சூட்கேஸை ஓரங்கட்டிவிட்டு, பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கி, டேப் ஒட்டி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மார்க்கர் பேனாவால் நாலு பக்கமும் தன் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டிருந்தார். "ஊர் சுத்திப் பாக்கப் போற லெச்சணமா இது?" என்று நான் போட்ட சத்தத்தில்தான் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றை அழகாகச் சுருட்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்தப் பயணம் மகளுடைய ஏற்பாடு. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கார், ஒரு டிரைவர், ஊருக்கு ஊர் ஓட்டல், கடைசியில் ராஜஸ்தான் காட்டில் ஜீப்பில் போய்ப் புலி பார்ப்பது. "வாப்பாவும் நீங்களும் சேந்து எங்கயுமே போனதில்லையேம்மா" என்றாள். சேர்ந்து இருந்ததே இல்லை என்று அவளிடம் சொல்லத் தோன்றியது.

அவர் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கு வந்தவர். இனிமேல் போகப் போவதில்லை, எல்லாக் கணக்கும் முடித்தாகிவிட்டது என்று சொல்லித்தான் வந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆனால் வந்த மனுஷன் வீட்டுக்குள் ஒரு விருந்தாளியைப் போல நடமாடினார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். எழுந்ததும் விரிப்பை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைப்பார். பல்பொடி, சோப்பு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, குளியலறைக்குப் போகும்போது எடுத்துப்போய், வரும்போது திரும்பக் கொண்டுவருவார். பத்துப் பேர் ஒரு ரூமில் இருந்த பழக்கம். "இது உங்க வீடுங்க. சோப்ப அங்கனயே வைங்க" என்றால் சரி என்பார். மறுநாள் டப்பா அவர் கையில்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

நாங்கள் குடும்பம் நடத்தியது போனில். போனில் அவரைப் போலப் பேசுவதற்கு ஆள் கிடையாது. ரூமில் எவன் குழம்பைத் தீய விட்டான், கடைவாசலில் குட்டி போட்ட பூனை எந்தக் குட்டியை எங்கே தூக்கிப் போனது என்று எல்லாம் சொல்லுவார். என்ன ஆக்கினாய், சாப்பிட்டாயா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பார். நேரில் வந்தால் வாயில் கொழுக்கட்டைதான். லீவில் வரும்போதெல்லாம் பேச்சு பழகுவதற்குள் லீவு முடிந்துவிடும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிற ஆம்பிளையிடம் வீட்டுப் பெண் 'போகாதீங்க' என்று சொல்லக் கூடாது. சொன்னால் போன இடத்தில் கால் ஊன்றாது என்பார்கள். பெண்கள் ஏர்போர்ட்டுக்கும் போவதில்லை. வேன் நிறைய ஆம்பிளைகள் ஏறிக்கொள்வார்கள். நாங்கள் உள்ளறையில் நின்று ஸலாம் சொல்லி, 'அல்லாஹ்வுடைய காவல்ல போயிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொள்ள வேண்டும். வேன் கிளம்பிய சத்தம் கேட்ட பிறகு அழுதுகொள்ளலாம். நான் பி.எட். படித்து வீரகேரளம்புதூரில் டீச்சர் வேலை பார்த்தவள். எத்தனையோ விஷயத்தில் மாமியாரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறந்ததில்லை. பயம்தான், வேறென்ன.

கிளம்புவதற்கு முந்திய வாரம் குற்றாலத்துக்குப் போனோம். நல்ல சாரல். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நானும் ஆண்கள் பக்கம் அவரும் குளித்தோம். நான் ஈரத்தை மாற்றிக்கொண்டு வெளியே வரும்போது போன் அடித்தது.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு. எங்கன நிக்கீங்க?"

"சிப்ஸ் கடைகிட்ட." பிறகு சொன்னார்: "பழைய கம்பெனி மேனேஜர் கூப்பிட்டாரு. ரெண்டு வருசத்துக்கு வாரியான்னு கேக்குதாரு, சூப்பர்வைசரா. டூர்ல இருக்கும்போது திரும்பக் கூப்பிடுவாராம். அப்பம் முடிவு சொல்லணும்."

சாலைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தலையில் துண்டு, காதில் போன், பார்வை மட்டும் நேந்திரங்காய் பொரிகிற சட்டியில். நாலு எட்டு நடந்து வந்து சொல்லக்கூடாதா இந்த மனுஷன்?

"நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

'போகாதீங்க' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. "உங்க இஷ்டம்" என்றேன். அன்றைக்கு வாங்கிய சிப்ஸ் சூடாக, மொறுமொறுவென்று இருந்தது. நான் ஒன்றுகூட வாயில் போடவில்லை.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டை டூர் கிளம்பிய அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். வழியனுப்ப வருகிறவர்கள் ஒரு கண்ணாடிக் கதவோடு நின்றுவிட வேண்டுமாம். உள்ளே போகிறவன் திரும்பித் திரும்பிக் கையாட்டுகிறான். "நீங்களும் இப்படித்தான் கையாட்டுவீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, வேன்ல வந்த ஆளுகளுக்கு" என்றார்.

டெல்லியில் இறங்கியதும் எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. அவருக்கு இந்தி தெரியும் என்று தெரியும். ஆனால் இப்படித் தெரியும் என்று தெரியாது. குதுப்மினார் போய்ச் சேருவதற்குள் டிரைவரும் அவரும் தோளில் கைபோடாத குறை. அவர் ஏதோ சொல்ல, அந்த ஆள் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு வேடிக்கையாகப் பேச வருமா! பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் பொறாமை பொசுக்கியது. அந்தச் சிரிப்பையெல்லாம் யார் யாரோ ரூம்காரர்கள் முப்பது வருஷம் அனுபவித்திருக்கிறார்கள்.

"என்ன சொன்னீங்க அவன்ட்ட?"

"சும்மா" என்றார்.

ஆக்ராவில் கைடு ஒருவர், மனைவி மேல் பாதுஷா வைத்திருந்த பிரியத்தைப் பற்றி உருகி உருகிச் சொன்னார். வெள்ளைவெளேரென்று தாஜ்மகால் அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு இருந்த கடுப்பில், "செத்த பெறகு கட்டி என்ன செய்ய? இருக்கும்போது பக்கத்துல இருந்தானான்னு கேளுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டேன். கைடு ஆவலாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் இந்தியில் என்னவோ சொன்னார். கைடு நெஞ்சில் கை வைத்து எனக்கு நன்றி சொன்னார்.

"என்ன சொன்னீங்க?"

"ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அந்தப் பளிங்குத் தரையில் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது கேட்பார், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் தண்ணீர் பாட்டிலை எனக்கு நீட்டினார், அவ்வளவுதான்.

ஜெய்ப்பூரில் சண்டை வந்தது. காலையில் ஓட்டல் கட்டிலின் விரிப்பை அவர் நாலாக மடித்துக்கொண்டிருந்தார். "இங்கயுமா? மடிக்கதுக்கு ஆளு இருக்கு. விடுங்க அந்தச் சவத்த!" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோய் விரிப்பைக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது. சவூதியில் எத்தனை பேர் அவரிடம் கத்தியிருப்பார்களோ. கோட்டை, அரண்மனை, கண்ணாடி மகால் எல்லாவற்றையும் அன்றைக்கு வாய் பேசாமல் பார்த்து முடித்தோம்.

கடைசியாகக் காடு. காலையிலேயே வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் முகம் மாறியது. அந்தக் காலையில்தான் மேனேஜர் கூப்பிடுவதாக இருந்தது.

"நீ போயிட்டு வா. நான் இங்கன நிக்கேன்" என்றார்.

"புலி எனக்கு மட்டுமா வேணும்?"

"பணம் கட்டியாச்சுல்லா. போயிட்டு வா."

எனக்கு வந்த கோபத்தில் என் போனை அவர் கையில் திணித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். எங்களுக்கென்று பிடித்த ஜீப். ஓட்டுகிறவர், காட்டு கைடு, பின்னால் நான் ஒருத்தி. அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைடிடம் இந்தியில் ஏதோ கெஞ்சுவதுபோலச் சொன்னார். "பத்திரம்ட்டி" என்றார். வண்டி நகர்ந்தது. புழுதிக்குள் அவர் கையைத் தூக்கியபடி நின்றார். அவர் நிற்க, நான் போனது அதுவரைக்கும் நடந்ததே இல்லை.

காடு காய்ந்த புல்லும் பாறையுமாகக் கிடந்தது. குற்றாலத்து மலையைப் பார்த்த கண்ணுக்கு இதுவும் ஒரு காடா என்று இருந்தது. மான் நின்றது, மயில் நடந்தது, இடிந்த மண்டபத்தில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒரு குட்டையோரம் ஓட்டுகிறவர் சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

புலி. தண்ணீருக்குள் பாதி உடம்பை வைத்துப் படுத்திருந்தது. என் அல்லா! எவ்வளவு பெரிய தலை! அது எழுந்து, சொட்டச் சொட்ட எங்கள் ஜீப்புக்கு முன்னால் பாதையைக் கடந்து, மறுபடி வந்து பாதையிலேயே படுத்துக்கொண்டது. என் கை தன்பாட்டுக்குப் பைக்குள் போய்ப் போனைத் தேடியது. படம் எடுக்க இல்லை, அவரிடம் சொல்ல. எதைப் பார்த்தாலும் அவருக்குச் சொன்னால்தான் நான் பார்த்ததாக ஆகும். பக்கத்து சீட் காலியாகக் கிடந்தது. அவ்வளவு பெரிய புலியைத் தனியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் இல்லாமல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தது. புலி எழுந்து போனால்தான் வண்டி போக முடியும். அது எழுந்திருப்பதாக இல்லை.

நாங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். மற்ற ஜீப்புகளில் போனவர்கள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். அவர் மட்டும் விட்ட இடத்திலேயே நின்றார். சட்டை நனைந்திருந்தது. வண்டி நிற்பதற்குள் ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, எங்க போன?" குரல் உடைந்திருந்தது.

"காட்டுக்குள்ளதான். வேற எங்க?"

"எல்லா வண்டியும் வந்துட்டு. உன் வண்டி மட்டும் வரல. யார்ட்ட கேட்டாலும் வரும் வரும்னு சொல்லுதான். போன் பண்ணலாம்னா உன் போன் என் சட்டப்பையிலல்லா கெடக்கு."

கீழே இறங்கினேன். "மேனேஜர் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு. பொண்டாட்டி காட்டுக்குள்ள போயிருக்கா, அவ வெளிய வரட்டும், பேசுதேன்னு வச்சிட்டேன்." என் கையைப் பிடித்தார். நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, அவர் என் கையைப் பிடித்ததே கிடையாது. "எப்படிட்டி இருந்தே நீ?"

"எப்பம்?"

"இத்தன வருசமும்."

இந்தக் கேள்விக்கு என்னிடம் எத்தனையோ பதில்கள் இருந்தன. வருஷக்கணக்காக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்தவை. அதையெல்லாம் விட்டுவிட்டு, "போகாதீங்க" என்றேன். சொன்ன பிறகு பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் என்னையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"சரி, போகல" என்றார். பிறகு, என் கையை விடாமல், போனில் பேசுகிற அந்தக் குரலில் சொன்னார்: "இத மொதத் தடவையே சொல்லியிருக்கலாம்லா. நீ சொல்லுவியா சொல்லுவியான்னு ஒவ்வொரு தடவையும் வாசல்ல நிப்பேன். வேன்காரன் ஆரன் அடிப்பான். அப்புறம்தான் ஏறுவேன்."