குறுவை மூட்டைகளும் கிளம்பாத லாரியும்

"ஆயுத பூஜைக்குப் பின் மூன்றாம் நாள். காலையில் நல்ல வெயில். பிறகு கிழக்கே இருட்டல். லாரி கிளம்பவில்லை." அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மற்றதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

சிறிய லாரி, அண்ணனுடையது. பாபநாசத்தை அடுத்த எங்கள் ஊரில் கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டி அது ஒன்றுதான் மிச்சம். அவருடைய குறுவை நெல்லில் பாதியைக் களத்தில் மூட்டை பிடித்து அதில் ஏற்றியாயிற்று. கொள்முதல் நிலையத்தில் அன்றைக்குத்தான் அவர் முறை. மழைக்கு முன் போய்ச் சேராவிட்டால் நெல் நனையும். நனைந்த நெல்லை ஈரப்பதம் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுவடை நேரத்தில் வாடகைக்கு டிராக்டர் கேட்டால் சிரிப்பார்கள்.

களத்துக்கு வரும்போதே வண்டி விக்கி விக்கித்தான் வந்தது. இப்போது செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி ஒயரோடு எஞ்சின் மேல் வைத்து, அண்ணனைச் சுற்றச் சொன்னேன். பொறி நீலமாக வந்தது. ஆனால் பிளக் முனை உலர்ந்திருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் குழாயை உருவிப் பார்த்தால், பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக்கூட ஒழுங்காக வரவில்லை.

"பெட்ரோலை இழுக்குற பம்ப் போச்சு," என்றார் அண்ணன்.

"டேங்க்ல பெட்ரோல் இருக்காண்ணே?"

"நேத்துதான்டா ரொப்புனேன். நம்பலைன்னா குச்சி விட்டுப் பாரு."

நம்பாமல் இல்லை, பார்க்காததைப் பார்த்ததாக எழுத எனக்குப் பிடிக்காது. மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

அந்த மூடியின் நடுவில் ஊசித் துளை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும்; போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. துளை இருந்த இடத்தில் பூஜைச் சந்தனம் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. ஹெட்லைட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரு விரல் பொட்டு. டேங்க் மூடிக்கு மட்டும் உள்ளங்கை அகலம்.

சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்த அண்ணியைத் திரும்பிப் பார்த்தார் அண்ணன். "மூச்சு முட்டுற அளவுக்கா பொட்டு வைப்பே?"

"வண்டி சோறு திங்குற வாயாச்சேன்னு தாராளமா வச்சேன். வருஷம் பூரா கழுவாத வண்டிய யாரு கழுவுனதுன்னும் கேளுங்க." என் பக்கம் திரும்பினார். "தம்பி, இதையெல்லாம் டைரியில எழுதிப்புடாதீங்க."

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். நான் துளையைக் குத்திக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஸ்பேனரால் பம்பின் தலையில் ஓங்கித் தட்டினார். பிறகு செல்ஃபைக் கொஞ்ச நேரம் விடாமல் சுற்றியதும் எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.

கொள்முதல் நிலையத்தில் கடைசி மூட்டை தராசை விட்டு இறங்கியபின்தான் மழை வந்தது.

தட்டியதால்தான் கிளம்பியது என்கிறார் அண்ணன். அண்ணியும் அவர் கட்சி. துளையை மறுபடி அடைத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். மீதி நெல் தார்ப்பாய்க்கடியில் களத்தில் இருக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே சந்தனம்தான் காரணம் என்பது என் கணிப்பு மட்டுமே. இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.