கரமனை நிறுத்தத்தின் பத்து நிமிஷம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர்க்கடிகாரம் பத்து நிமிஷம் முன்னால் ஓடும். மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் நான்தான் அப்படித் திருப்பி வைத்தேன். பள்ளி வேன் போய்விடுமோ என்ற பயம். அவள் பொறியியல் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அது அப்படியே ஓடியது. வீட்டில் இருந்த மூன்று பேரும் முள்ளைப் பார்த்ததும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். எல்லாரும் கழித்துக்கொண்டால் முன்னால் வைத்து என்ன பிரயோஜனம் என்று கணவர் கேட்பார். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்குப்படி அவர் சொல்வது சரிதான். சுவரில் பத்து நிமிஷம் மிச்சம் இருக்கிறது என்பதே எனக்கு ஒரு தைரியம்.

மகளுக்கு ஊர்க்கோடியில், கழக்கூட்டத்தில், ஒரு பெரிய கம்பெனியில் வேலை. ஏ.சி. பஸ் தெருமுனைக்கே வந்து அழைத்துப்போகும். ஒருநாள் அவள் அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். கூடப் படித்த ஒரு பையனும் அவளும் சேர்ந்து ஒரு ஆப் செய்யப் போகிறார்களாம். ஊரில் எந்த நிறுத்தத்துக்கு எந்த பஸ் எப்போது வரும் என்று போனில் காட்டும் ஆப். உலகத்தையே வரைபடமாக்கிப் போனுக்குள் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்குக் கூட நம் ஊர் பஸ் எப்போது வரும் என்று தெரியாது என்றாள்.

"அவாளுக்கே தெரியாததை நீங்க ரெண்டு பேர் எப்படிடீ கண்டுபிடிப்பேள்?"

"நிறுத்தத்துல போய் உக்காந்து பாப்போம்மா. பஸ் வந்தா எழுதிப்போம்."

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆனால் அவர்கள் உண்மையிலேயே அப்படித்தான் செய்தார்கள். டிப்போவில் ஒட்டியிருக்கும் கால அட்டவணை ஒன்று, தெருவில் பஸ் வரும் நேரம் வேறொன்று. அது நிறுத்தத்தில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் நிறுத்தத்துக்கு இரண்டு பேராகப் பிடித்தார்கள். டீக்கடைக்காரர், பூக்காரி, பென்ஷன் வாங்கிவிட்டுப் பேச ஆள் தேடும் பெரியவர்கள். இரண்டு பேர் எழுதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆப்பில் ஏற்றுவார்கள். எங்கள் கரமனை நிறுத்தத்துக்கு மட்டும் ஒரே ஆள், நான். கோடை விடுமுறை, மாடி ஜன்னலில் நின்றால் நிறுத்தம் தெரியும். "அம்மா எழுதினா செக் பண்ண வேண்டாம், அவ கணக்கு டீச்சர்" என்று மகள் சொல்லிவிட்டாள்.

இரண்டு வாரம் ஜன்னலில் நின்று எழுதினேன். பஸ் வந்ததும் மாடிப்படி வழியாகக் கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பேன், பத்தைக் கழிப்பேன், நோட்டில் எழுதுவேன். மகளின் அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் சிவப்பு மையில் கோடு போட்டு, பஸ் போகும் ஊரைத் தனிக் கட்டத்தில் எழுதி, அழகாகச் செய்தேன்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் என் பஸ்ஸைத் தவறவிட்டேன். கடிகாரம் எட்டு இருபது காட்டியபோது எட்டு பத்து என்று கணக்குப் போட்டு, நிதானமாகக் குடை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எட்டு பதினேழு பஸ் போய் ஐந்து நிமிஷத்துக்கு மேலாகிவிட்டது என்று பூக்காரி சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்தேன்.

"ஏன்னா, கடிகாரத்தைத் தொட்டேளா?"

"விஷு கழிஞ்சு பேட்டரி மாத்தினேனே. அப்பவே சரி பண்ணி வெச்சுட்டேன். என்னத்துக்கு வீட்டுக்குள்ள ஒரு பொய்?"

"எங்கிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொன்னா மாத்த விடுவியோ?"

விஷு என்றால் சித்திரை முதல் தேதி. அதாவது நான் ஜன்னலில் நின்ற இரண்டு வாரமும் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. நான் அதிலிருந்து பத்தைக் கழித்திருக்கிறேன். கரமனை நிறுத்தத்தின் அத்தனை நேரமும் தப்பு. என் எட்டு பதினேழு பஸ்ஸையே எட்டு ஏழு என்று எழுதியபோதுகூட, லீவு நாளில் சீக்கிரம் வருகிறது என்றுதான் நினைத்தேன். ஆப் எட்டு ஏழு என்று சொல்லும், பஸ் எட்டு பதினேழுக்கு வரும். ஒருவரும் புகார் சொல்லவில்லை. பத்து நிமிஷம் தாமதமாக வரும் பஸ்ஸை நம் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்?

மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கணக்கு டீச்சர் கழித்தலில் தப்பு செய்தாள் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

மூன்றாவது வாரம் அந்தச் செய்தி வந்தது. பெரிய நிறுவனம் தன் வரைபடத்தில் நம் ஊர் பஸ் நேரங்களையும் போட்டுவிட்டது. எல்லார் போனிலும் ஏற்கெனவே இருக்கிற வரைபடம். இனி இவர்கள் ஆப்பை யார் தேடி எடுப்பார்கள்? அதே வாரம் மகளின் பழைய கம்பெனியிலிருந்தும் கேட்டார்கள். அவள் இடம் காலியாக இருக்கிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள், வருகிறாளா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார் கணவர்.

"பால் மிஞ்சிடுத்து."

மகள் இரண்டு டம்ளர் குடித்தாள். ஏ.சி. பஸ் மறுபடியும் தெருமுனைக்கு வரும் என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை காலை சாலைக் கடைத்தெருவுக்குப் போகலாம் என்று நிறுத்தத்தில் நின்றேன். பெரிய நிறுவனத்தின் வரைபடம் எப்படி இருக்கிறது பார்ப்போமே என்று போனைத் திறந்தேன். கரமனைக்கு அடுத்த பஸ் 9.34 என்றது. பஸ் 9.44க்கு வந்தது. நான் ஏறவில்லை. பட்டியலை மேலும் தள்ளினேன். 9.51, 10.06, 10.19. எனக்குப் பழக்கமான எண்கள் அவை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். அத்தனையும் என் நேரங்கள். அத்தனையிலும் என் பத்து நிமிஷம். பதினொரு மணிக்கு முன்னால் ஒரு பஸ் உண்டு. அது வருகிற சமயம் தினமும் நான் குக்கரை இறக்கப் போய்விடுவேன், அதனால் அது என் நோட்டிலேயே கிடையாது. அவர்கள் பட்டியலிலும் இல்லை. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை பார்க்கும் நிறுவனம் என் குக்கர் விசிலுக்கு எழுந்து போயிருக்கிறது!

பரீட்சை பேப்பர் திருத்துகிறவர்களுக்கு இது தெரியும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பெண்கள் ஒரே சரியான விடையை எழுதினால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே தப்பான விடையை, ஒரே இடத்தில் ஒரே மாதிரி எழுதினால், ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள். யாரோ, அந்த நிறுவனத்துக்காக வேலை செய்யும் யாரோ, என் மகளின் ஆப்பிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நோட்டைப் பூஜை அலமாரியில் விளக்குத் திரிப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். இதைச் சொன்னால் அவள் வேலைக்குப் போக மாட்டாள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிடுவாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை மூடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஆறு மணிக்கு அவள் வந்தாள். காப்பி கொடுத்தேன். கீழே உட்கார்ந்து, தன் போனையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சும்மா. அவா ரெண்டு மாசத்துல முடிச்சுட்டா. எங்களுக்குத் திறமை போறலை, அவ்வளவுதான்."

அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவள் அதைச் சாதாரணமாக, நம்பிச் சொன்னாள். கணக்கைத் தானே போட்ட பெண் தன்னை மக்கு என்று சொல்லிக்கொள்கிறாள், பார்த்து எழுதினவளுக்கு நூற்றுக்கு நூறு. எந்த டீச்சரால் சும்மா இருக்க முடியும்? அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்து அவள் மடியில் போட்டேன்.

"உன் பேப்பரைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காடீ."

கடிகாரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நோட்டையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். குக்கர் பஸ் வரைக்கும் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். தரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கணவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"என்னடி ஆச்சு?"

"அப்பா, நீங்க பேட்டரி மாத்தினது அமெரிக்கா வரைக்கும் போயிருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை அவள் கூட்டாளிப் பையன் ஸ்கூட்டரில் வந்தான். இந்த ஊர்ப் பையன், மலையாளி. எங்களோடு பேச அவனே தயாரித்துக்கொண்ட ஒரு தமிழ் அவனிடம் உண்டு. மூன்று பேரும் போனும் கையுமாக நிறுத்தத்தில் நின்று காலையிலிருந்து சாயங்காலம் வரை மறுபடி எழுதினோம். ஏழாவது பஸ்ஸிலும் ஏறாததைப் பார்த்து ஒரு கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "எந்தா ஆன்ட்டி, ஒந்நும் பிடிச்சில்லே?" என்று கத்திவிட்டுப் போனார். ஒரு பஸ்ஸும் பிடிக்கவில்லையா என்று கேலி. பெண் பார்க்கிற மாதிரி பஸ் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"ஆன்ட்டி, நம்ம ஒரு காரியம் செய்யலாம்" என்றான் பையன். "சும்மா ஒரு கள்ள பஸ் போட்டு நோக்கலாம். அவங்களும் போட்டா, பிடிச்சாச்சு."

"வேண்டாம்" என்றாள் மகள். "மழையில யாராவது அந்தக் கள்ள பஸ்ஸுக்குக் காத்துண்டு நின்னா?"

"பின்னே?"

"சரியான நேரத்தைப் போடுவோம். அவாளும் திருத்தறாளான்னு பாப்போம். வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்தினா அவாளுக்கே நாமதான் ஆதாரம்னு அர்த்தம், நான் போகலை. திருத்தலைன்னா போயிடறேன். அம்மா சாட்சி."

அந்த ராத்திரியே கரமனை நேரங்களைச் சரிசெய்து, குக்கர் பஸ்ஸையும் சேர்த்தார்கள்.

திங்கள் காலை எழுந்ததும் பெரிய நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்தேன். 8.07. நிம்மதியாக இருந்தது. செவ்வாயும் 8.07. ஸ்டாஃப் ரூமில் இரண்டு தடவை பார்த்தேன். புதன் காலை 8.07 என்று பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "திருத்துங்கோளேன், கடன்காரா!" என்று போனைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஹிந்தி டீச்சர் தன் பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

வியாழன் காலை நிறுத்தத்தில் குடையோடு நின்றேன். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. போனைத் திறந்தேன். 8.17. அதற்குக் கீழே மொத்தப் பட்டியலும் பத்துப் பத்து நிமிஷம் நகர்ந்திருந்தது. பதினொரு மணிக்கு முன்னால் ஒரு புது வரி. 10.46. என் குக்கர் பஸ்.

நான் கூச்சல் போட்டேன். பூக்காரி என்னவோ ஏதோ என்று எழுந்துவிட்டாள். "காப்பி அடிச்சுட்டா! மறுபடியும் காப்பி அடிச்சுட்டா!" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். ஒரு முழம் மல்லிகையை என் கையில் திணித்தாள். வீட்டுக்குப் போன் செய்தேன். மகள் "பாத்துட்டேன்ம்மா, பாத்துட்டேன்" என்று கத்தினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. மணி எட்டு பதினேழு.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டேன். பழைய கம்பெனியின் போனுக்காகக் கூடத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். நான் அடை வார்த்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தில் பத்து அடித்தது. போன் வரவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. மறந்துவிட்டார்களோ, வேறு ஆளை எடுத்துவிட்டார்களோ என்று கரண்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றேன். நேற்று அத்தனை குதித்தவள்தான் நான்.

கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"பழையபடி பத்து நிமிஷம் முன்னால வெச்சுட்டேன். உனக்கு அதில்லாம முடியாதே."

மகள் என்னைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கேள்வி நிஜமான கேள்விதான்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கும்மா. எதாவது சொல்லணும்னா இப்ப சொல்லிடு."

சொல்ல நிறைய இருந்தது. ஏ.சி. பஸ், மருத்துவக் காப்பீடு, அடுத்த தடவை அந்தப் பெரிய நிறுவனத்தார் காப்பி அடிக்காமல் தாங்களே எழுத ஆட்களை உட்கார வைத்துவிட்டால் என்ன செய்வாய் என்பது. தோசைக்கல்லில் அடை முறுகிக்கொண்டிருந்தது.

"இன்னொரு அடை போடட்டுமா?" என்றேன்.

"ரெண்டு போடு" என்றாள்.