எண்பது பேருக்கு ஒரு தலைவன்

ஜாசினிலிருந்து மலாக்கா போகும் காலை பஸ்ஸில் அந்த அக்கா என் பக்கத்தில்தான் உட்காருவார். நீல நிற பெக்டரிச் சட்டை, நெற்றியில் திருநீறு. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், உதடும் அசையும். மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து நான் பேச்சுக் கொடுத்ததில்லை.

ஒருநாள் அவரே கேட்டார். "தம்பி, ரோமானியப் படையில செஞ்சுரின்னு ஒரு பிரிவு. அதுல எத்தனை பேரு?"

"நூறுதானேக்கா?"

"நானும் அப்படித்தான் சொன்னேன், மகன் சிரிச்சிட்டான். எண்பதுதான் லா. கூடாரத்துக்கு எட்டுப் பேரு, பத்துக் கூடாரம். அதுக்கு ஒரு தலைவன், தோட்டத்து மண்டோர் மாதிரி. ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட், பத்து கோஹார்ட் ஒரு லீஜியன். ஏறக்குறைய ஐயாயிரம் பேரு."

மகன் பெர்த்தில் வேலை பார்க்கிறானாம். போனில் சாப்பிட்டியா என்று கேட்டதும் பேச்சு முடிந்துவிடுமாம். அவன் ரோமானியப் போர் கேம் ஆடுகிறான் என்று தெரிந்து, யூடியூப் பார்த்துப் படித்திருக்கிறார். விரல் கணுக்களில் ஓடியது மந்திரம் இல்லை, இந்தப் படைக் கணக்குதான்.

"அன்னிக்கு அரை மணி நேரம் பேசுனான் தம்பி."

தீபாவளி கழிந்து ஒரு காலை, அவர் கை மடியில் சும்மா கிடந்தது. "படை எப்படி இருக்குக்கா?" என்றேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அந்த கேமை விட்டுட்டான் லா. இப்ப என்ன ஆடுறேன்னு கேட்டேன். உனக்குப் புரியாதும்மான்னுட்டான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெம்பான் தாண்டியதும் பார்த்தேன். கட்டைவிரல் மறுபடியும் முதல் கணுவிலிருந்து ஆரம்பித்திருந்தது.