குரங்குப் பொட்டலம்

செஞ்சி ராஜகிரி மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் நிற்கிறேன். மலையேறுகிறவர்கள் எல்லோரும் இங்கே இரண்டு பொட்டலம் வாங்குகிறார்கள். புளிச்சோறு தங்களுக்கு, மிளகாய் போடாத தயிர்ச்சோறு குரங்குகளுக்கு. அதைக் கொடுக்காமல் ஏறினால் குரங்குகள் புளிச்சோற்றைப் பிடுங்கிக்கொள்ளுமாம்.

எனக்கு வயிற்றுப் புண். காரம் பட்டால் சுருண்டு விடுவேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் பஸ்ஸில் வந்திருக்கிறேன். இங்கே மயங்கி விழுந்தால் என்னை யாருக்குத் தெரியும்?

"அண்ணே, எனக்கு அந்தத் தயிர்ச்சோறு ஒண்ணு குடுங்க."

கடைக்காரர் கரண்டியை அப்படியே நிறுத்துகிறார். "இன்னாது? அது குரங்குக்கு சார்."

"வயித்துப் புண்ணுண்ணே. காரம் ஆகாது."

"அதுக்கு? மனுஷனுக்குக் குரங்கு சோறு போட்டான்னு நாளைக்கு பஜாரே பேசும். பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கேன் சார்."

மாணவர்களைக் கூட்டி வந்திருக்கும் கல்லூரி வாத்தியார் ஒருவர் என் காதருகே குனிகிறார். "குரங்குக்குன்னு கேளுங்களேன்."

"சரிண்ணே, குரங்குக்கு ஒண்ணு."

"குரங்குக்குன்னா தாராளமா!" முகம் மலர்ந்து கட்டிக் கொடுக்கிறார். "ஆனா அதுங்க கையில போய்ச் சேரணும். நான் கேப்பேன்."

கோட்டை மதிலைத் தாண்டியதும் ஒரு கல்லில் உட்கார்ந்து இலையைப் பிரிக்கிறேன். நிஜமாகவே ஒரு குரங்கு எதிரில் வந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறது. பயந்துபோய்ப் பாதியை அதன் பக்கம் தள்ளுகிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கடைக்காரர் குரல் வருகிறது. "சார், குரங்கு சாப்டுச்சா?"

"சாப்டுதுண்ணே" என்கிறேன், வாய் நிறையச் சோற்றோடு.