இடப்பக்கம், கொஞ்சம் பின்னால்

தையல்காரம்மா அந்தச் சேர்ந்திசைக் குழுவில் நின்று பதினெட்டு வருடமாகிறது. கடைசி இரண்டு வருடம் நின்றதோடு சரி. கழுத்தில் கட்டி எடுத்த பிறகு மேல் சுரத்துக்குப் போனால் குரல் கிழிந்தது. விலகச் சொல்லிவிடுவார்களோ என்று வாயை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நிற்கும் மருந்துக்கடைக்காரிக்கு வெண்கலத் தொண்டை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒலிப்பதிவு செய்ய வந்தது தையல்காரம்மாவின் தம்பி. வழக்கமான மூன்று வரிசையைக் கலைத்து, இருபது பேரையும் இடைவெளி விட்டு வட்டமாக நிறுத்தினான். நடுவே ஒரு கம்பம். அதில் எல்லாத் திசையையும் பார்த்து மைக்குகள், கூரையைப் பார்த்தும் நாலு.

"கேக்கறவங்க வட்டத்துக்கு நடுவுல இருக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு குரலும் அததோட இடத்துலேர்ந்து வரும்," என்றான்.

தையல்காரம்மா மருந்துக்கடைக்காரி பக்கம் ஓர் அடி நகரப் பார்த்தாள்.

பதிவு முடிந்ததும் அதே கூடத்தில் சுற்றிலும் மேலேயும் ஸ்பீக்கர்கள் வைத்துப் போட்டுக் காட்டினான்.

"ஐயோ, அது நான்தான்! மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது!" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"உன்னைக் கேக்க இத்தனை மைக் எதுக்கு? தெருமுனையில நின்னாலே போதும்," என்றார் ஆண்கள் பக்கம் பாடும் பஸ் ஓட்டுநர்.

பாட்டு வாத்தியார் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். கை மெல்ல எழுந்து இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் நீண்டது.

"இங்க பல்லு விழுந்த மாதிரி இருக்கே. என்னப்பா ஆச்சு?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அந்த ஓட்டை முன்பே அவன் காதில் விழுந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"என் தப்பு சார். அந்த மைக் சரியா எடுக்கல. பக்கத்துல உள்ளவங்களை நெருக்கி நிக்கவெச்சு இன்னொரு தடவை எடுத்துடறேன்."

தப்பித்தாயிற்று. ஆனால் வேலையில் பிழை என்று தம்பி எவர் முன்னும் ஒப்புக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

"மைக் மேல பழி போடாதடா. நான் பாடல. ரெண்டு வருஷமாவே பாடல."

"அடிப்பாவி! பக்கத்துலயே நின்னேனே!" என்றாள் மருந்துக்கடைக்காரி.

"உங்க சத்தத்துல உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் தையல்காரம்மா.

ஓட்டுநர் சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. கூடத்து மூலையிலிருந்த பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டினார். அவள் பாடினாள். இன்னும் கீழே தட்டினார். குரல் கரகரத்தாலும் சுரத்தில் நின்றது. மேலே போனதும் கிழிந்தது.

"ஆம்பளைங்க பக்கம் போய் நில்லுங்கம்மா. பாதிப் பாட்டுக்கு உங்க குரல் ஆகும். மிச்சத்துக்கு வாய் அசையக் கூடாது. மூடியே இருக்கணும்."

வட்டத்தைக் குறுக்கே கடந்து ஓட்டுநர் பக்கத்தில் நின்றாள். மறுபதிவைத் தொடங்கத் தம்பி கையைக் காட்டினான். பாட வேண்டிய இடங்கள் எப்படியோ வந்துவிட்டன. தன்னுடையதல்லாத வரிகளில் உதட்டை அசையாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.